துபாஷிக்கு வேண்டிய யோக்கியதை

இணையப் பெட்டிகளின் பழுதறியும் உரையாடு உதவியாளனை உருவாக்கிவரும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

மதிப்பிற்குரிய பொறியாளர்களே,

சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அமர்ந்து, வீட்டு இணையப் பெட்டி பழுதானால் அதன் காரணத்தைப் பேச்சு வாயிலாகவே விசாரித்தறிந்து பரிகாரம் சொல்லும் உதவியாளனைக் கணினியில் உருவாக்கிவரும் உங்களுக்கு, புதுவைத் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்னும் ஒரே உரிமையினால் இம்மடலை எழுதத் துணிந்தேன். உங்கள் முயற்சியில் எனக்கு நம்பிக்கை உண்டு. நம்பிக்கையில்லாத காரியத்தைக் குறித்து ஒருவன் இவ்வளவு நீண்ட கடிதம் எழுத மாட்டான். ஆனால் அந்த உதவியாளனிடம் நீங்கள் ஒப்படைத்திருக்கும் வேலை எத்தகையது என்பதை முழுவதும் உணர்ந்துதான் ஒப்படைத்தீர்களா என்னும் சந்தேகம் சில ஆண்டுகளாக என் மனத்தில் வளர்ந்துகொண்டே வருகிறது.

எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஒரு பழைய பெயர் உண்டு. கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுக்காரரும் அதற்கு மேற்கே தமிழரும் குடியிருந்த காலத்தில், இரு சாராருக்கும் நடுவே நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துரைத்தவரைத் துபாஷி என்றார்கள். இரண்டு பாஷை அறிந்தவர் என்பது அதன் பொருள். துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த நாளில், 1747-ஆம் ஆண்டில், தலைமைத் துபாஷியாக நியமனம் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அவர் பெயர் தாங்கிய வீதியில் இன்றும் நிற்கிறது. 1736 தொடங்கி 1761 வரை அவர் தமிழில் எழுதிவைத்த தினப்படிக் குறிப்பில், எந்தக் கப்பல் கரை சேர்ந்தது, எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, கவர்னர் என்ன கேட்டார், அதற்குத் தாம் என்ன மறுமொழி சொன்னார் என்பவையெல்லாம் நாள்வாரியாகப் பதிவாகியிருப்பதைப் படிப்பவர்கள், துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதைச் சில பக்கங்களிலேயே கண்டுகொள்வார்கள். கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டலாகாது. யாரிடம் என்றைக்கு என்ன பேசினோம் என்பதை மறக்கலாகாது. இவற்றுள் ஒன்று பிசகினாலும் வாணிபம் கெடும், சில வேளை யுத்தமே மூளும் என்ற நிலையில் நின்று வேலை பார்த்தவர் அவர்.

உங்கள் உதவியாளன் நிற்கும் இடமும் அதுவேதான். ஒரு பக்கத்தில், ஒளியிழையின் நுனியில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டி. அதன் பாஷை எண்களும் எச்சரிக்கைக் குறிகளும். மறுபக்கத்தில், 'நெட்டு வரலைங்க', 'சுத்திக்கிட்டே இருக்கு', 'வைஃபை இருக்கு, ஆனா நெட்டு இல்லை' என்று மூன்றே வாக்கியங்களில் தன் கஷ்டம் முழுவதையும் சொல்லிவிட்டதாக நினைக்கும் வீடு. அந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றல்ல என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும் ஒருவர், கைப்பேசிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள வழி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பெட்டிக்கு அப்பால் என்று, தாம் அறியாமலே ஒரு பரிசோதனையைச் செய்து முடிவையும் அறிவித்துவிடுகிறார். இரண்டாவது வாக்கியத்தில் வழி அடைபடவில்லை, மந்தமாகியிருக்கிறது என்ற செய்தி இருக்கிறது. இதைக் காதில் வாங்காமல் மூவருக்கும் ஒரே விடையைத் தருபவன் துபாஷி ஆகமாட்டான்.

இப்படிச் சொல்ல என்னைத் தூண்டிய சம்பவத்தைக் கூறிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருக்களெல்லாம் கால்வாய்களாக மாறிய அந்த நாட்களை இவ்வூரார் எவரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பிய மாலையில் எதிர் வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. காலஞ்சென்ற கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஒரே மகள் பாரிஸ் நகரில் இருக்கிறாள். நாள்தோறும் விளக்கு வைத்த பிறகு அந்த மகளின் முகத்தைத் திரையில் பார்த்து நாலு வார்த்தை பேசுவது ஒன்றே அவருக்கு எஞ்சியிருக்கும் பெரிய சந்தோஷம். புயலுக்குப் பிறகு அம்மா உயிரோடிருக்கிறாளா என்று அங்கே அவள் தவித்துக்கொண்டிருப்பாளே என்ற கவலை வேறு. 'தம்பி, பெட்டி செத்துப்போச்சான்னு பாரு, சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது' என்றார்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில், இணைப்புக் கொடுத்த கம்பெனியின் உரையாடு உதவியாளனிடம் முறையிட்டிருந்தான். அக்கம்பெனி எது என்பது இம்மடலுக்கு அவசியமில்லை. 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறேன். உங்கள் திசைவியை மறுதொடக்கம் செய்யவும்' என்று வந்தது. திசைவி என்றால் என்னவென்று அந்தப் பையனுக்கும் விளங்கவில்லை, அக்காவுக்கும் விளங்கவில்லை. ஒருவாறு ஊகித்துப் பெட்டியை அணைத்துப் போட்டார்கள். சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. மீண்டும் அதே வருத்தம், அதே கட்டளை. இவ்விதம் ஏழு முறை நடந்தபின் சம்பாஷணை தானாகவே முடிந்து, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பையன் உரக்கப் படித்தபோது அக்காவின் முகத்தில் தோன்றிய திகைப்பை நான் மறக்கவில்லை. தம்மிடம்தான் ஏதோ குறை இருக்கிறது போலும், இல்லாவிட்டால் தீர்ந்துவிட்டது என்று எதற்குச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பழுது என்னவென்றால், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த இரவில் பீரோவை நகர்த்தியிருந்தார்கள்; பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் கேபிள் பீரோவின் காலுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக் கூர்மையாக மடிந்து கிடந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி, பக்கங்களில் மோதி மோதி உள்ளேயே திரும்பித்தான் நெடுந்தொலைவு செல்கிறது. வளைவு ஓர் அளவைக் கடந்தால் திரும்ப வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து வெளியேறிவிடும். இழை முறியாமல் தப்பியிருந்தது. பீரோவை நான்கு விரற்கடை நகர்த்திக் கேபிளை நிமிர்த்தியதும், ஒரு நிமிடத்துக்குள் சிவப்பு அணைந்து பச்சை நிலைத்தது.

இதில் என்னை வருத்தியது பழுதன்று. பழுதை அறிந்துகொள்ளும் வழிகள் அத்தனையும் கையருகே இருந்தும் உதவியாளன் ஒன்றையும் நாடவில்லை என்பதே. எல்.ஓ.எஸ். என்று பொறித்த சிவப்பு விளக்குக்கு ஒரே அர்த்தந்தான் உண்டு: ஒளி வந்து சேரவில்லை. ஒளி வராத பெட்டியை ஏழு முறை அன்று, எழுநூறு முறை அணைத்துப் போட்டாலும் ஒளி வராது. 'எந்த விளக்கு எரிகிறது, என்ன நிறத்தில்?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி விசாரணை முடிந்திருக்கும். மீதிப் பாதிக்கு வீட்டாரைத் தொந்தரவு செய்யவே தேவையில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003 முதல் வகுத்துவந்த ஜிபான் என்னும் ஒளியிழை நியதியில் ஓர் அருமையான ஏற்பாடு இருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மின்சாரம் போய் அணையும் பெட்டி, தன்னுள் எஞ்சியிருக்கும் சிறு மின்னூட்டத்தைக் கொண்டு, 'எனக்கு மின்சாரம் நின்றுவிட்டது' என்று நிலையத்துக்கு ஒரு செய்தியை அனுப்பிவிட்டே அணைகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் கடைசி மூச்சு என்று வரும். மூச்சு விட்டுவிட்டு மறைந்த பெட்டிக்கு மின்சாரக் குறை. மூச்சு விடாமலே திடீரென்று மறைந்த பெட்டிக்கு இழையில் குறை. அக்காவின் பெட்டி புயலிரவில் கடைசி மூச்சை விட்டுத்தான் மறைந்திருக்கும். இப்போதோ விளக்கு எரிகிறது என்று வீட்டார் சொல்கிறார்கள். ஆகவே மின்சாரம் வந்துவிட்டது, ஒளி மாத்திரம் வரவில்லை. இனி, தெருமுனைப் பெட்டியில் ஓர் இழையை முப்பத்திரண்டாகவோ அறுபத்துநான்காகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்களே, அதே பிரிப்பானில் தொங்கும் மற்ற வீடுகளுக்கு ஒளி போகிறதா என்று பார்த்தால், போகிறது என்று தெரியும். அப்படியானால் குறை பிரிப்பானுக்கும் இந்த வீட்டுக்கும் இடைப்பட்ட சில நூறு அடிக்குள் அடங்கிவிடுகிறது. 'புயலன்று ஏதாவது சாமானை நகர்த்தினீர்களா? மஞ்சள் ஒயர் எங்கேனும் நசுங்கியிருக்கிறதா?' என்று கேட்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிரத்தியட்சமும் அனுமானமும் கைகோத்து நடந்தால் பழுதின் இருப்பிடம் தானே அகப்படும்.

இந்த முறையை நான் புத்தகத்தில் படித்ததில்லை. தொலைபேசி நிலையத்தின் டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து கற்றேன். சந்தாதாரர் ஒருவர் பழுதுப் புகாருக்கான 198-ஐச் சுழற்றி 'போன் டெட்' என்று சொன்னவுடன் நாங்கள் லைன்மேனைச் சைக்கிளில் விரட்டவில்லை. நிலையத்திலிருந்தே அந்த ஜோடிக் கம்பியைப் பிடித்து, இரண்டு கம்பிக்கும் நடுவே காப்புத் தடை எவ்வளவு, ஒவ்வொரு கம்பிக்கும் பூமிக்கும் நடுவே எவ்வளவு என்று அளப்போம். ஐப்பசி கார்த்திகையில் தடை சரிந்து நின்றால் ஜாயிண்டில் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். உப்புக் காற்று வீசும் இந்த ஊரில் அது நித்தியப் பகை. பிறகு மின்னழுத்தத்தை மாற்றி விடும்போது மீட்டரின் முள் ஒரு துள்ளு துள்ளும். வீட்டிலிருக்கும் டெலிபோன் மணியின் கண்டென்சர் அந்தத் துள்ளலுக்குக் காரணம். முள் நன்றாகத் துள்ளினால் கம்பி வீடு வரையில் முழுதாக இருக்கிறது, குறை கருவியில். துள்ளல் குன்றினால் கம்பி வழியில் அறுந்திருக்கிறது, எவ்வளவு குன்றுகிறதோ அவ்வளவு கிட்டத்தில். முள்ளின் துள்ளலைப் பார்த்தே 'மணிக்கூண்டுக்கு இப்பால்' என்று சொல்லக்கூடிய மூத்தவர்களிடம் நான் பாடம் கேட்டேன். அவர்கள் சந்தாதாரரிடம் அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சந்தேகத்தைப் பாதியாக வெட்டும்.

இது பழங்கதை, இன்றைய இயந்திரங்களால் இயலாதது என்று நீங்கள் சொல்ல முடியாது. 2014-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டு, 2019-இல் ஜூனிபர் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2025-இல் ஜூனிபரோடு சேர்ந்து ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைசின் கைக்குப் போன மிஸ்ட் என்னும் நிறுவனம் 'மார்விஸ்' என்ற உரையாடு உதவியாளனை வலையமைப்பு நிர்வாகிகளுக்கென்று உருவாக்கியிருக்கிறது. இன்ன மடிக்கணினி நேற்று மாலை ஏன் இணைய முடியவில்லை என்று சாதாரண வாக்கியத்தில் கேட்டால், கருவி கம்பியில்லா நிலையத்தோடு சேர்ந்ததா, அதன் அடையாளம் ஏற்கப்பட்டதா, முகவரி எண் கிடைத்ததா, பெயரை எண்ணாக்கும் சேவகம் பதில் தந்ததா என்று படிப்படியாக ஆராய்ந்து, இடறிய படியைச் சுட்டிக்காட்டுகிறது. உதவியாளன் பேசுகிறான் என்பதல்ல அதன் சிறப்பு; பேசுவதற்கு முன்னால் பார்க்கிறான் என்பதே. இந்த வசதி பெரிய அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வாய்த்திருக்கிறது. முத்தியால்பேட்டையிலும் வைத்திக்குப்பத்திலும் மாதச் சந்தா கட்டும் வீட்டுக்கு வாய்த்திருப்பது வருத்தம் தெரிவிக்கும் பொம்மை.

அந்தப் பொம்மையின் வம்சாவளியும் பழையதுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் 'எலைசா' என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். எதிரிலிருப்பவர் சொன்ன வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக நீட்டுவது தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆயினும் மனிதர்கள் அதனிடம் மனம் திறந்து பேசத் தொடங்கியதைக் கண்டு அதை இயற்றியவரே கலங்கி, பத்தாண்டுக்குப் பின் எச்சரிக்கையாக ஒரு நூல் எழுதினார். இதற்கு நேர்மாறான ஒன்றையும் நீங்கள் தினந்தோறும் கையாளுகிறீர்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல், ஒரு செய்தியை அனுப்பி, திரும்பி வந்தால் வந்தது என்றும், வராவிட்டால் வரவில்லை என்றும், வருவதற்கு எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்றும் சொல்லும். ஆறுதல் சொல்லத் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. எலைசாவின் நாவும் பிங்கின் சத்தியமும் ஓர் உருவில் கூட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இரண்டில் ஒன்றைத்தான் தரமுடியும் என்றால், தயங்காமல் இரண்டாவதைத் தாருங்கள்.

பாஷை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திசைவி, மறுதொடக்கம், அங்கீகரிப்பு முதலிய சொற்களை நான் இகழவில்லை. கலைச்சொல் அகராதியில் அவற்றுக்குக் கௌரவமான இடம் உண்டு. ஆனால் துபாஷி என்பவர் அகராதியின் தூதரல்லர், மனிதரின் தூதர். எங்கள் தெருவில் அது மோடம், அல்லது வைஃபை பெட்டி, அல்லது வெறும் பெட்டி. அதன் செருகி அடாப்டர். நீங்கள் மறுதொடக்கம் என்பது இங்கே அணைத்துப் போடுவது. 'பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணிவிட்டுப் போடுங்கள்' என்றால் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் புரியும். அதுபோலவே, அணைத்துப் போடுவதும், ஊசிமுனையால் குழியில் அழுத்தும் ரீசெட்டும் வேறு வேறு என்பதைப் பிரித்துச் சொல்லாமல் 'ரீசெட் செய்யவும்' என்று எழுதிவிடுகிறீர்கள். முன்னது மயக்கம் தெளிவிப்பது, பின்னது பெட்டியின் ஞாபகத்தையே அழிப்பது. கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் போய், ஆள் வந்து மறுபடி எழுதும் வரையில் பெட்டி ஊமையாகிவிடும். சிறு கோளாற்றோடு உங்களிடம் வந்த வீடு பெருங்கோளாற்றோடு திரும்பிப் போன கதைகள் இத்தெருவில் நான்கைந்து உண்டு. மக்களின் பேச்சைக் கேட்டறியக் கருவிகள் இல்லையென்றும் சொல்வதற்கில்லை: சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவினர் தமிழ்ப் பேச்சைத் திரட்டி எழுத்தாக்கும் மாதிரிகளை யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் மத்திய அரசு பாஷிணி என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. கேட்கும் செவி கிடைத்துவிட்டது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் நீங்கள்.

தெரியவில்லை என்று சொல்லும் தைரியத்தையும் உதவியாளனுக்கு ஊட்டுங்கள். இக்காலத்து மொழி மாதிரிகள் அறியாததையும் அறிந்தாற்போல் சரளமாகப் பேசும் சுபாவமுடையவை. இழையில் வந்து சேரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே, அதாவது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூற்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டதென்றால், அதை வீட்டிலிருப்பவரால் பேச்சினால் உயர்த்த முடியாது. ஆள் வரவேண்டும் என்று உடனே சொல்லிவிடுவதே தர்மம். அப்படி ஆளிடம் ஒப்படைக்கும்போது, இதுவரை கேட்டதும் சொன்னதும் அளந்ததும் அடங்கிய குறிப்பை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மூன்றாவது மாடி வரை ஏறி வரும் இளைஞன், கதையை ஆதியிலிருந்து சொல்லச் சொல்லி மறுபடியும் பெட்டியை அணைத்துப் போடுவது, வீட்டாருக்கு மட்டுமன்று, நாள் ஒன்றுக்கு எத்தனையோ படியேறும் அந்த இளைஞனுக்கும் இழைக்கும் அநீதி. புகார் தீர்ந்ததா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் புகார் கொடுத்தவரிடமே இருக்கட்டும். துபாஷி வழக்குக்குத் தீர்ப்பெழுதும் நியாயாதிபதி அல்லன்.

கடைசியாக ஒன்று, முன்னமே சொல்லியிருக்க வேண்டியது. உங்கள் உதவியாளன் எந்தப் பாதை அறுந்தது என்று பார்க்க வருகிறானோ அந்தப் பாதை வழியாகவே வரவேண்டியவனாக இருக்கிறான். ஃபெஞ்சல் வீசிய வாரத்தில் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் தளர்ந்து, ஒரு பேச்சு அழைப்புக்கு மட்டும் இடங்கொடுத்தன. செயலியைத் திறந்தால் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது, சாதாரணத் தொலைபேசி அழைப்பில் தமிழில் பேசி, தமிழில் கேட்டு, குறுஞ்செய்தியில் விடை தரும் ஒருவன்; முடியுமானால், வெளியுலகம் அறுந்த நிலையிலும் வீட்டு வைஃபை வழியாகப் பேசுமாறு பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும் சிறிய துபாஷி ஒருவன். இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை; சிரத்தை பிடிக்கும் காரியம்.

வரும் ஐப்பசி மழைக்கு முன் உங்களில் ஒருவராவது புதுவைக்கு வாருங்கள். இத்தெருவில் பதினேழு வீடுகளில் இணையப் பெட்டி இருக்கிறது. வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், திறந்து காட்டுவார்கள். உங்கள் உதவியாளனை எதிர் வீட்டு அக்காவிடம் பேச விடுங்கள். நான் அருகில் உட்கார்ந்து வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியன் ஒருவன்